பின்சீட்டில் இரண்டு பேர்

ஏப்ரல் 22, செவ்வாய்

சுபாஷினி போன் செய்தாள். பிரிந்த பிறகு அவள் போனில் நலம் விசாரிப்பதை எல்லாம் விட்டுவிட்டாள், நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறாள். மே மூன்றாம் தேதி காலை தாம்பரம் வந்து பிள்ளைகளை அழைத்துப் போகலாம். பதினொன்றாம் தேதி கொண்டுவந்து விட வேண்டும். இதெல்லாம் கோர்ட்டில் பேசி முடித்த பழைய ஏற்பாடு. அதற்குப் பிறகு சொன்னதுதான் புதுசு.

"தாரணிக்குப் பன்னெண்டு வயசாச்சு. போன தடவ திரும்பி வந்து மூணு நாள் வயித்து வலில கிடந்தா. வழி முழுக்க ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. டாக்டர் என்னத்தான் திட்டினாரு. இந்த தடவயும் அவளுக்குப் பிடிக்கலன்னா, அப்புறம் நான் அவளக் கட்டாயப்படுத்தி அனுப்ப மாட்டேன். அவ வரலன்னா கிருத்திக்கும் வரமாட்டான். உங்களுக்கே தெரியும்."

சரி என்றேன். போனை வைத்த பிறகு இரவுக்கு ரவை கிண்டினேன். உப்பு போட மறந்துவிட்டது, அதையே சாப்பிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிது. தூத்துக்குடியில் பிடிக்காமல் போக என்ன இருக்கிறது? கடல் இருக்கிறது, மக்ரூன் இருக்கிறது, நான் இருக்கிறேன். ஆக, கோளாறு நடுவில் கிடக்கிற அறுநூறு கிலோமீட்டரில்தான். பிள்ளைகளுக்கு வண்டியில் அலுப்புத் தட்டுகிறது. அதைச் சரி செய்தால் போதும்.

ஏப்ரல் 24, வியாழன்

ஆபீசில் விசாரித்தேன். எங்கள் ஏஜென்சியில் துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களுக்குச் சுங்கக் காகிதம் பார்ப்பதுதான் எல்லோருக்கும் வேலை. ஆனால் பிள்ளை வளர்ப்பில் ஆளாளுக்கு ஒரு டாக்டர் பட்டம் வைத்திருக்கிறார்கள்.

மிக்கேல் அண்ணன், "போனக் கையில குடுத்துட்டு ஓட்டும், வீடு வந்ததுகூட தெரியாது அதுகளுக்கு" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை வருகிற பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு வருவதற்கு நான் எதற்கு?

ஸ்டெல்லா வேறு மாதிரி சொன்னாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு வேனில் போகிறவள். "அடுத்து என்ன வருமோன்னு ஒரு ஆசை இருந்தாப் போதும் அண்ணாச்சி. சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி வச்சுக்கிடுங்க. ஒவ்வொரு டோல்கேட்டுலயும் ஒண்ணு பிரிக்கணும்னு சொல்லுங்க. டோல்கேட் எப்ப வரும்னு அதுகளே பாத்துக்கிட்டு வரும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பொம்பளப் பிள்ளைக்கு பாத்ரூம் நல்லாருக்கணும். அதயும் பாத்துக்கிடுங்க" என்றாள்.

உடனே தெளிந்துவிட்டது. தாரணி தண்ணீர் குடிக்காமல் வந்தது இதனால்தான். அந்தக் காலத்தில் நான் தாம்பரத்தில் விடிய வண்டியை எடுத்தால் மாலைக் காப்பிக்கு வீட்டில் இருப்பேன். நடுவில் ஒரே ஒரு நிறுத்தம். ஆபீசில் அதைச் சொன்னால் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். பிள்ளைகளும் அதற்குப் பழகியிருந்தார்கள், நிறுத்துங்கள் என்று கேட்டதே கிடையாது. ஆனால் இப்போது அவள் பெரிய பெண்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று ஒத்திகை. காலையில் கிளம்பித் திருச்சி வரை போய்த் திரும்பினேன். எங்கே நிழல், எங்கே இட்லி சூடாக இருக்கிறது, எங்கே பாத்ரூம் சுத்தம் என்று பார்த்து வைத்துக்கொள்ளத்தான். கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போகிற மாதிரி ஒரு உற்சாகம்.

ஆனால் ஒரு ஆண் தனியாகப் போய்ப் பெண்கள் பாத்ரூமைப் பார்க்க வேண்டும் என்றால் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவில்லை. அருப்புக்கோட்டை தாண்டி ஒரு ஓட்டலில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா என்னை மறித்தாள்.

"ஆம்பளைக்கு அந்தப் பக்கம்."

"எனக்கில்லம்மா. சும்மா பாக்கணும்."

"என்னத்தப் பாக்கணும்?"

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மேனேஜர் வந்தார். அடுத்த வாரம் என் மகளை அழைத்துக்கொண்டு வருகிறேன், அதற்காகத்தான் என்று விளக்கினேன். அவர் சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். நான் சத்தம் போடவில்லை. விளக்கம்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏனோ திரும்பிப் பார்த்தார்கள், ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. குழந்தைகள் எதற்கெல்லாமோ அழும்.

துவரங்குறிச்சி பக்கம் போன ஓட்டலில் புத்தி வந்து, கல்லாவில் இருந்த பெண்ணிடமே கேட்டுவிட்டேன். அவள் ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டு வந்தாள்.

"சுத்தமாத்தான் இருக்கு சார். தாப்பா மட்டும் லூசா இருக்கு, மாத்தச் சொல்லிடுறேன். பாப்பாவ என்கிட்ட விடுங்க, நானே கூட்டிட்டுப் போறேன். எத்தன பேரு வர்றீங்க?"

"ரெண்டு பிள்ளைங்க."

"வீட்டம்மா?"

"அவங்க வரல."

இதில் பொய் ஒன்றும் இல்லை. அவர்கள் வரவில்லைதான். சாப்பிட உட்கார்ந்தேன். நான்கு பேர் மேசை. சப்ளையர் இலை போடாமல் நின்றான், மற்றவர்கள் கை கழுவப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து. ஒரு ஆள்தான் என்று சொன்னேன்.

திரும்பும் வழியில் ஒரு விளையாட்டையும் பழகிப் பார்த்தேன். எதிரே வரும் வண்டியின் நம்பரைப் பார்த்து எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். 59 மதுரை, 45 திருச்சி, 72 திருநெல்வேலி, 69 நம்ம ஊர். மேலூரிலிருந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பின்சீட்டில் யாரும் இல்லாததால் எல்லா ஆட்டத்திலும் நானே ஜெயித்தேன்.

ஏப்ரல் 30, புதன்

பொட்டலம் கட்டினேன். பம்பரம், ஸ்டிக்கர், சின்ன டார்ச், தாரணிக்கு முடிக்கு மாட்டும் கிளிப், வண்ண பேனா, எள்ளுருண்டை. கலர் காகிதம் ஒட்டும்போது டேப்பின் நுனி கிடைக்காமல் எரிச்சல் வந்தது. டேப்பைச் சுவரில் அடித்தேன். பிறகு எடுத்து ஒழுங்காக ஒட்டினேன். வீட்டில் யாரும் இல்லை, யாருக்கும் தொந்தரவு இல்லை.

மே 2, வெள்ளி

தாம்பரத்தில் லாட்ஜ். பிள்ளைகள் இங்கிருந்து இரண்டு தெரு தள்ளித் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். போய்ப் பார்க்கக் கூடாது என்று இல்லை, ஆனால் நாளைக்குத்தான் என் முறை.

மே 3, சனி

வந்து சேர்ந்தோம். எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும், எதையும் விட்டுவிடக் கூடாது.

சுபாஷினி வாசல் வரை வந்து பையைக் கொடுத்தாள். "வெயிலுக்கு முன்னாடி கிளம்புங்க" என்றாள். கிருத்திக் ஓடி வந்து ஏறினான். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது, அது எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. தாரணி உயரமாகிவிட்டாள். முன்சீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டேன். "இல்லப்பா, அவன் தனியா இருப்பான்" என்று பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

டோல்கேட் பொட்டலம் பிரமாதமாக எடுபட்டது. பரனூரில் முதல் பொட்டலம் பிரித்ததிலிருந்து கிருத்திக், "அடுத்த டோல்கேட் எப்பப்பா, அடுத்த டோல்கேட் எப்பப்பா" என்று உயிரை எடுத்துவிட்டான். டோல்கேட்டுக்காக ஏங்குகிற ஒரே தமிழன் அவன்தான். ஆத்தூர் டோலில் வரிசை நீளமாக இருந்தது. எனக்குச் சலிப்பு, அவனுக்குச் சந்தோஷம்.

நம்பர் விளையாட்டும் நடந்தது. தாரணி எல்லா நம்பருக்கும் சரியாக ஊர் சொன்னாள். எதைக் காட்டினாலும் "நல்லா இருக்குப்பா" என்றாள். எள்ளுருண்டை? நல்லா இருக்குப்பா. பாட்டு? நல்லா இருக்குப்பா. ஏசி? நல்லா இருக்குப்பா. கவர்ன்மென்ட் ஆபீஸில் கையெழுத்துக்கு வந்தவர்கள் பெரிய அதிகாரியிடம் இப்படித்தான் பேசுவார்கள்.

விராலிமலை பக்கம் மயில் ஒன்று ரோட்டோரம் நின்றது. "மயில், மயில்" என்று கிருத்திக் கத்தினான். தாரணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, முன்னால் பார்த்தபடியே இருந்தாள். ரோட்டைக் கவனிக்கிறாள் போலிருக்கிறது. கார் ஓட்ட ஆசை இருக்கும்.

அதற்குக் கொஞ்ச தூரத்தில் கிருத்திக் வாந்தி எடுத்துவிட்டான். என் தப்புதான், கையில் கிடைத்ததை எல்லாம் தின்னக் கொடுத்தேன். சீட், சட்டை, பொட்டலங்கள் எல்லாவற்றின் மேலும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியை ஓரம் கட்டுவதற்குள் தாரணி தன் துப்பட்டாவைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சாரிப்பா. அவன் வேணும்னு பண்ணல. நான் தொடச்சிடுறேன். சாரிப்பா."

"சரிம்மா, நீ விடு, நான் பாத்துக்கிடுதேன்."

"இல்லப்பா, இதோ முடிஞ்சிடுச்சு. சீட்டுல ஒட்டல. அழாதடா, அழாத."

அவன் அழவில்லை. அழாத என்று அவள் சொன்ன பிறகுதான் உதட்டைப் பிதுக்கினான். அவள் எதற்கு இத்தனை சாரி சொன்னாள் என்று புரியவில்லை. சுபாஷினி அதிகமாக மரியாதை சொல்லிக் கொடுக்கிறாள் என்று நினைக்கிறேன்.

துவரங்குறிச்சியில் கல்லாப் பெண் சொன்ன சொல் தவறவில்லை. தாழ்ப்பாள் புதிது. தாரணியின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள், துப்பட்டாவையும் அலசிக் கொடுத்தாள். நிறுத்த வேண்டும் என்று தாரணி கேட்கவில்லை, நானே நிறுத்தினேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். இரண்டு மடக்குக் குடித்தாள். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று யாரிடம் சொல்வது? மிக்கேல் அண்ணனிடம் சொன்னால் சிரிப்பார்.

மே 5, திங்கள்

கடற்கரை. கிருத்திக் நண்டைத் துரத்தினான், பிறகு நண்டு அவனைத் துரத்தியது.

மே 7, புதன்

இரவுச் சாப்பாட்டின்போது கிருத்திக் பால் டம்ளரைத் தட்டிவிட்டான். நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் தாரணி துணியோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். துணி எடுக்கத்தான் நானும் எழுந்தேன். நல்ல பொறுப்பான பெண்.

மே 9, வெள்ளி

லீவு போட்டுவிட்டேன். மூவரும் மத்தியானம் படுத்தோம். நான் தூங்கவில்லை, மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே இரண்டு பேர் மூச்சு விடும் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்பது நின்று போய்விட்டது என்பதை அது கேட்கும்போதுதான் உணர்கிறேன்.

அவளிடம் கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். கேட்டால் கட்டாயப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும். அம்மாவிடம் என்ன சொல்லப் போகிறாளோ, அதை அவளே சொல்லட்டும்.

மே 11, ஞாயிறு

தாம்பரத்தில் அதே லாட்ஜ், இம்முறை வேறு அறை. ஜன்னல் ஒரு சுவரைப் பார்த்து இருக்கிறது.

திரும்பி வரும்போதும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. புதுப் பொட்டலங்கள், கிருத்திக்குக் கொஞ்சமாகத் தின்பண்டம், எலுமிச்சம்பழம் கையில். வாந்தி இல்லை. உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அவன் தூங்கிவிட்டான். ஒரு டீக்கடை முன்னால், வேப்ப மரத்து நிழலில் நிறுத்தினேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, அவன் எங்கள் கண்ணில் படுகிற மாதிரிப் பக்கத்திலேயே பெஞ்சுகளில் நானும் தாரணியும் எதிரெதிரே உட்கார்ந்தோம். எனக்கு டீ, அவளுக்குப் பாதாம் பால்.

கேட்கக் கூடாது என்று முடிவு செய்தவன் கேட்டுவிட்டேன்.

"அடுத்த லீவுக்கு வருவியாம்மா?"

அவள் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"ட்ரெயின்ல வரலாமாப்பா?"

"ட்ரெயினா? ஏன், வண்டில என்ன கொற? பாத்ரூம் பாத்து வச்சேன். பொட்டலம் கட்டுனேன். வேகமாக் கூட ஓட்டல. ஏசி ஜாஸ்தியா இருந்துச்சா?"

"இல்லப்பா. எல்லாம் நல்லா இருந்துச்சு."

"பின்ன?"

"சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"சொல்லு."

"வண்டில உங்க முதுகுதான் தெரியும். அப்புறம் மேல இருக்குற கண்ணாடில கண்ணு மட்டும் தெரியும். அத வெச்சு நீங்க கோவமா இருக்கீங்களா இல்லையான்னு என்னால கண்டுபிடிக்க முடியல. அதையே பாத்துட்டு வர்றேன். கிருத்திக் எதாவது கேக்குறதுக்கு முன்னாடி, இப்ப கேளு, இப்ப கேக்காதன்னு நான் அவனுக்குச் சொல்லணும்ல. வீடு வர்றதுக்குள்ள தலை வலிச்சிடுது."

எனக்கு முதலில் வாதம்தான் வந்தது.

"இந்தத் தடவ நான் எங்கம்மா கோவப்பட்டேன்? ஒரு தடவயாவது பட்டேனா?"

"இல்லப்பா. படல."

"அப்ப?"

"படலன்னு வீட்டுக்கு வந்தப்புறம்தானே தெரியும். வண்டில இருக்கும்போது தெரியாதே."

டீக்கடைக்காரர் யாருக்கோ சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு அரசு பஸ் போனது. எந்த ஊர் நம்பர் என்று பார்க்கத் தோன்றவில்லை.

"ட்ரெயின்னா எப்படி?" என்று கேட்டேன்.

"ட்ரெயின்ல நீங்க எதிர் சீட்ல உக்காருவீங்க. முழு மூஞ்சியும் தெரியும். நான் வெளிய வேடிக்க பாத்துட்டே வருவேன்."

"இப்ப முழு மூஞ்சியும் தெரியுதுல்லா. இப்ப எப்படி இருக்கேன்?"

அவள் தலையைச் சாய்த்து, என்னை நன்றாகப் பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது.

"இப்ப கோவமா இல்ல. பயந்த மாதிரி இருக்கீங்க."

நான் டீயைக் குடித்தேன். ஆறியிருந்தது. சரிம்மா, ட்ரெயின்ல போவோம் என்று மட்டும் சொன்னேன். அவள் பாதாம் பாலை முழுதும் குடித்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, "அப்பா, நான் பாத்ரூம் போகணும்" என்றாள். அந்தக் கடையில் வசதி இல்லை. அடுத்த பெட்ரோல் பங்குக்கு அப்படிப் பதமாக ஓட்டினேன், கண்ணாடியை நான் பார்க்கவே இல்லை.

வாசலில் சுபாஷினி நின்றாள். எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்கவில்லை, தாரணியிடம்தான் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சும்மா. அடுத்த தடவ ட்ரெயின்ல போறோம்."

சுபாஷினி என்னைப் பார்த்தாள். நானும் தலையசைத்தேன். கதவு சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். உள்ளே கிருத்திக் டார்ச் அடித்துக் காட்டுவதும் அவள் சிரிப்பதும் கேட்டது.

மே 12, திங்கள்

வீடு வந்தாயிற்று. வழியில் எங்கும் அவசரமில்லை, எங்கும் நிறுத்தவும் காரணமில்லை.

ஆனாலும் மேலூருக்கு முன்னால் ஒரு இடத்தில் நிறுத்தினேன். இறங்கிப் பின்கதவைத் திறந்து, தாரணி உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சீட்டிடுக்கில் எள் சிந்திக் கிடந்தது. முன்னால் என் சீட்டின் முதுகு, மேலே ஒரு துண்டுக் கண்ணாடி. அதில் அப்போது யாரும் இல்லை. இங்கே உட்கார்ந்து அதை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை தாம்பரத்திலிருந்து தூத்துக்குடி வரை வந்திருக்கிறது.

பிறகு என் சீட்டுக்குத் திரும்பி, கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அவளுக்குத் தெரிவது எனக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். மூக்கு இல்லை, வாய் இல்லை, கண்கள் மட்டும். புருவம் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. வெள்ளை விழி சிவந்திருந்தது. முன்பின் தெரியாத ஆள் பார்த்தால்கூட, இவன் கோபத்தில் இருக்கிறான், கிட்டே போகாதே என்றுதான் சொல்வான்.

நான் அப்போது அழுதுகொண்டிருந்தேன்.